எந்த அத்தியாயத்தில் நிற்கிறீர்கள்?

வாசகர் கேள்வி – பதில்

'இப்போது என்ன புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எப்படி இருக்கிறது?' என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கருத்துகள் வந்தன. அவற்றைவிடக் கூடுதலாக, படித்துக்கொண்டிருக்கும்போதே எப்படிக் கருத்து சொல்வது என்ற சந்தேகங்கள் வந்தன. இந்த இதழில் சந்தேகங்களுக்கு முன்னுரிமை.

ஒன்பது பேர் சேர்ந்து 'பொன்னியின் செல்வன்' படிக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் '212-ஆம் பக்கம் பாருங்கள்' என்கிறார்; என் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொருவர், நாங்கள் இரண்டாம் பாகத்தில் இருக்கும்போதே ஐந்தாம் பாகத்துக் கதையைப் போட்டு உடைக்கிறார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பக்க எண்ணை விட்டுத்தள்ளுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதாவது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஏகப்பட்ட பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. எழுத்தின் அளவு, தாளின் அளவு, படம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துப் பக்கம் மாறிவிடும். மாறாதது அத்தியாய எண். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91, ஆக மொத்தம் 293. ஒவ்வொரு பாகத்திலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதால் 'பதினேழாம் அத்தியாயம்' என்று மொட்டையாகச் சொன்னாலும் குழப்பம்தான். '2/17' என்று போடுங்கள். முன்னது பாகம், பின்னது அத்தியாயம்.

வாரத்துக்கு 12 அத்தியாயம் என்று வைத்தால் 25 வாரத்தில் முடியும். இந்த நாவல் ஒரு வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வந்தது. அடுத்த வாரம்வரை வாசகரைக் காத்திருக்க வைப்பதற்காகவே பல அத்தியாயங்கள் ஒரு முடிச்சில் போய் நிற்கும். அந்த இடத்தில் நிறுத்திப் பேசினால் பேச்சு தானாக வரும். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தினால் வராது. ஐந்தாம் பாகம் மட்டும் உங்கள் கணக்கில் ஏறக்குறைய எட்டு வாரம் பிடிக்கும். குழுக்கள் கலைவது பெரும்பாலும் அங்கேதான். முன்கூட்டியே சொல்லிவைத்து, அந்தக் கட்டத்தில் 15 அத்தியாயமாக உயர்த்துவது நல்லது.

கதையை உடைப்பவருக்கு: முந்திப் படிப்பது குற்றமில்லை, அந்த வாரத்து எல்லையைத் தாண்டிப் பேசுவதுதான் குற்றம். ஒவ்வொரு பதிவின் தலையிலும் '3/20 வரை' என்று போடச் சொல்லுங்கள். அங்கே வராதவர் திறக்கமாட்டார். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 'நந்தினி உண்மையில் யார்?' என்று ஒருவர் கேட்டதும், முடித்தவர் ஒருவர் 'பொறுத்திருந்து பாருங்கள்' என்று கண்ணடிப்பார். கதையைச் சொல்லவில்லை என்று அவருக்கு நினைப்பு. ஆனால் அங்கே ஏதோ இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டார், பாதி உடைந்துவிட்டது. முடித்தவர்கள் ஊகக் கேள்விக்குப் பதிலே சொல்லக் கூடாது, சிரிப்புப் பொம்மைகூடப் போடக் கூடாது.

படம் பார்த்தவர்கள் கதை தெரியும் என்ற நம்பிக்கையில் வருவார்கள். 2022, 2023-இல் வந்த இரண்டு படங்களும் நாவலிலிருந்து விலகும் இடங்கள் உண்டு. அந்த ஒப்பீட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதமும் நடிகர் தேர்வைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

'வர்ணனை அருமை' என்று எழுதுவதையும் தடை செய்யலாம். 1/1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை மேல் வரும் வாலிபன், கடல்போல விரிந்த வீரநாராயண ஏரி, அதன் எழுபத்து நான்கு கணவாய்கள், பதினெட்டாம் பெருக்குக் கூட்டம். எதிரியையோ சதியையோ காட்டாமல் தண்ணீரைக் காட்டித் தொடங்குகிறது கதை, பாகத்தின் பெயரும் புது வெள்ளம். 'ஏன் தண்ணீர்?' என்று ஒருவர் கேட்டால் ஒன்பது பேருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். 'அருமை' என்பதற்கு 'ஆமாம்' என்பதற்கு மேல் என்ன பதில் சொல்ல முடியும்?

படிக்கும்போது தோன்றுவது புத்தகத்தை மூடியதும் மறந்துவிடுகிறது. குறிப்பு எடுக்கச் சரியான வழி எது? அடிக்கோடு போடலாமா?
— ஒரு வாசகர், தேனி

சொந்தப் புத்தகம் என்றால் போடலாம், பென்சிலால். எச்.பி. பென்சிலை அழுத்திப் போட்டால் கோட்டை அழித்தாலும் தாளில் பள்ளம் தெரியும். 2பி பென்சிலை லேசாக ஓட்டினால் போதும். வரிக்கு அடியில் கோடு போடுவதைவிட ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு நல்லது. கண்ணை உறுத்தாது, அடுத்த முறை படிக்கும்போது 'இதைத்தான் கவனிக்க வேண்டும்' என்று கட்டளை இடாது. பால்பாயிண்ட் வேண்டாம். ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம், மெல்லிய தாளில் மறுபக்கம் வரை ஊறும்.

ஒட்டும் மஞ்சள் சீட்டுகளைப் பழைய புத்தகத்தில் ஒட்டாதீர்கள். எடுத்தபின்பும் பசை கொஞ்சம் தங்கும், அதில் தூசி படியும், நைந்த தாள் என்றால் எடுக்கும்போதே கிழியும். வீணான காகிதத்தை விரல் அகலத்துக்கு நறுக்கிச் செருகினால் வேலை முடிந்தது. அதிலும் பத்துப் பதினைந்துக்கு மேல் செருகினால் முதுகு விரியும். இப்போது வரும் கெட்டி அட்டை இல்லாத புத்தகங்களில் பல வெறும் பசை பைண்டிங். அதை மல்லாத்திப் போட்டு அழுத்தினால் தாள் கழன்று கையோடு வரும்.

இனி நோட்டு. முதல் வரியில் புத்தகத்தின் பெயர், பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு, ஆண்டு. பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் அத்தியாயம், பக்கம், தேதி. நூலில் உள்ள வரியை எழுதினால் எழுத்துக்கு எழுத்து அப்படியே, மேற்கோள் குறிக்குள். உங்கள் எண்ணத்தை எழுதினால் மேற்கோள் குறி இல்லாமல், முன்னால் 'நான்' என்பதற்கு 'நா.' என்று ஓர் எழுத்து. இந்த இரண்டையும் பிரிக்காததால்தான் விபரீதமே நடக்கிறது. மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டுகிறீர்கள், ஒரு வாக்கியம் அழகாக இருக்கிறது, எழுத்தாளர் பெயரைப் போட்டுப் பகிர்கிறீர்கள். அந்த வாக்கியம் உங்களுடையது! இணையத்தில் சுற்றும் பொய் மேற்கோள்களில் சில இப்படிப் பிறந்தவையாகவும் இருக்கலாம்.

ஒரு நாள் வாசிப்புக்கு ஐந்து வரி போதும், ஆனால் அன்றைக்கே. அதற்கு மேல் எழுத ஆசைப்பட்டால் வாசிப்பு நின்று எழுத்து மட்டும் நடக்கும். இரண்டாவது வாரத்தில் இரண்டுமே நிற்கும்.

நானூறு பக்க நாவல். எண்பது பக்கம் வந்திருக்கிறேன், ஓடவில்லை. இதை வெளியே சொல்லலாமா, முடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டுமா?
— ஒரு வாசகி, ஓசூர்

சொல்லலாம். '80/400' என்று தலையில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நின்று சொல்கிறீர்கள் என்பது தெரிந்தால் அது நேர்மையான கருத்து.

எண்பது பக்கத்தில் தெரிந்துகொள்ளக் கூடியவை உண்டு: நடை, உரையாடல் காதுக்கு ஒத்துவருகிறதா, யார் கதை சொல்கிறார், வாக்கியங்கள் எவ்வளவு நீளம், எழுத்துப் பிழை எத்தனை. தெரியாதவையும் உண்டு. 'இந்தப் பாத்திரம் தேவையே இல்லை' என்று எண்பதாம் பக்கத்தில் சொல்ல முடியாது. அந்தக் கிழவி முந்நூறாம் பக்கத்தில் திரும்பி வந்தால் நீங்கள் முழிக்க வேண்டியிருக்கும். 'இதுவரை இந்தப் பாத்திரம் எதற்கு என்று பிடிபடவில்லை' என்று எழுதினால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஓடவில்லை என்பதற்குக் காரணம் வட்டார வழக்கா என்று பாருங்கள். கரிசல் பேச்சோ நாஞ்சில் பேச்சோ ஈழத்துப் பேச்சோ பழகாத காதுக்கு முதல் ஐம்பது பக்கம் கரடுமுரடாகத்தான் இருக்கும். பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் புரியாத சொல் காதுக்குப் புரியும். அப்போதும் நகரவில்லை என்றால் கீழே வையுங்கள். 'இத்தனை பக்கத்தில் நிறுத்தினேன், இதனால்' என்று எழுதுவதும் கருத்துதான்.

முடித்தபின் எண்ணம் மாறினால் பழைய பதிவை அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். கீழே புதிய தேதியோடு எழுதுங்கள். எந்த இடத்தில் மனம் மாறியது என்பதுதான் அடுத்துப் படிப்பவருக்குப் பயன்படும் செய்தி.

தினம் ஒரு குறுந்தொகைப் பாடல் படித்து இரண்டு வரி எழுத ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் உரையில் உள்ளதையே திருப்பி எழுதுகிறேன் என்று புரிந்தது. எனக்கென்று ஒன்றும் தோன்றவில்லை.
— ஒரு வாசகர், சேலம்

தோன்றும். வரிசையை மாற்றிப் பாருங்கள். உரையை முதலில் படித்தால் அதற்குப் பிறகு உங்களுக்கு வேறு எதுவும் தோன்றாது, எல்லோருக்கும் அப்படித்தான்.

முதலில் பாடலைச் சொல் பிரித்து இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதான், இரண்டு நிமிடம் ஆகாது. பிறகு ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில்: யார், யாரிடம் சொல்கிறார்? தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். மூன்றாவதாகப் பாடலோடு அச்சிட்டிருக்கும் கூற்றை, அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பைப் பாருங்கள். கடைசியாகத்தான் உரை. உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட பதிப்பின் உரையோ வேறு உரையோ, எதுவானாலும் நான்காவது இடம்தான்.

நாற்பதாம் பாடலில் இதைச் செய்து பார்க்கலாம். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்குவது. ஐந்து அடி. 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற ஓர் அடியை மட்டும் பிய்த்தெடுத்துத் திருமணப் பத்திரிகைவரை கொண்டுபோய்விட்டோம். முழுதாகப் படியுங்கள். யாய் என்பது என் தாய், ஞாய் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. யான், நீ. முதல் மூன்று அடியும் என், உன் என்று இரண்டு இரண்டாகப் பிரித்து அடுக்கிக்கொண்டே போகின்றன, ஒவ்வொன்றும் கேள்வி. நான்காம் அடியில் சிவந்த நிலமும் மழைநீரும் வருகின்றன. அதற்குமேல் என், உன் என்ற பிரிவே பாட்டில் இல்லை. 'அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே' என்று முடிகிறது. இதை ஒருவர் உரை பார்க்காமலேயே கவனித்துவிட முடியும்.

இப்போது கூற்று: தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பைக் கண்டு அவன் சொன்னது. மகிழ்ச்சிப் பாட்டு என்று நினைத்திருந்தால் இப்போது கொஞ்சம் நிறம் மாறும். அச்சத்துக்குச் சொன்ன ஆறுதல் இது. உங்கள் இரண்டு வரி இங்கேதான் பிறக்கும்: நீங்கள் ஊகித்ததற்கும் கூற்றுக்கும் இடையில் உள்ள தூரத்தில். கூற்றுகள் புலவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அதனால் ஒத்துப்போகாவிட்டாலும் பயப்பட வேண்டாம், காரணத்தை மட்டும் பாட்டுக்குள்ளிருந்து காட்டுங்கள்.

மொத்தம் 401 பாடல், கடவுள் வாழ்த்து நீங்கலாக. தினம் ஒன்று என்றால் பதின்மூன்று மாதத்துக்கு மேல். வாரத்தில் ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன நாளை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பிடிக்க முயன்றால் சலிப்புத்தான் மிஞ்சும்.

'நீலகண்டப் பறவையைத் தேடி' படிக்கிறேன். யார் யார் என்று பிடிபடவே இல்லை. மொழிபெயர்ப்பின் குறையா, மூலமே அப்படியா?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

வங்காள நாவல்களில் வரும் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. அங்கே ஒருவருக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். போதாததற்கு முறைச்சொல் வேறு. 'தாதா' என்று வந்தால் தமிழ்க் காதுக்குத் தாத்தாவோ ரவுடியோ நினைவுக்கு வரும், அங்கே அது அண்ணன். தீதி அக்கா, காகா சிற்றப்பா, ஜேட்டா பெரியப்பா. அதீன் பந்த்யோபாத்யாயவின் இந்த நாவல் நாட்டுப் பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கக் கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தை வைத்து நடப்பது. கூட்டம் இருக்கத்தான் செய்யும்.

கடைசி வெற்றுத் தாளில் ஒரு வம்சப் படம் போடுங்கள். நடுவில் சிறுவன் சோனா. மேலே பெரியவர்கள், மனநிலை பிறழ்ந்த பெரியப்பா மணீந்திரநாத் உட்பட. வீட்டுக்கு வெளியே உள்ளவர்களை, ஈசம் போன்றவர்களை, வலது ஓரத்தில் தனியாக எழுதுங்கள். ஒரே ஆளின் எல்லாப் பெயர்களும் ஒரே கட்டத்துக்குள். ஐம்பது பக்கத்துக்குப் பிறகு படத்தைத் திருப்பிப் பார்க்கவே மாட்டீர்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கருத்து சொல்லும்முன் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். மூல மொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியா? இதை வங்காளத்திலிருந்து நேரே கொண்டுவந்தவர் சு. கிருஷ்ணமூர்த்தி. மூலம் தெரியாத நாம் 'ஆசிரியரின் நடை அற்புதம்' என்று சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். 'தமிழில் இப்படி ஓடுகிறது' என்று சொல்லலாம். பாராட்டினாலும் குறை சொன்னாலும் மொழிபெயர்ப்பாளர் பெயரை எழுதுங்கள். அதை விட்டுவிடுவது நம் வாசகர்களின் தீராத கெட்ட பழக்கம்.

எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடும் ஒரு நாவல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சொன்னால் 'உனக்குப் புரியவில்லை' என்கிறார்கள்.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

தமிழில் இது பழைய வழக்கு. விமர்சகர் க.நா.சு. நல்லது இது, அல்லாதது இது என்று பட்டியல் போட்டார், ரசனை அவருக்குப் போதுமான சான்று. சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையில் பிரதியை வரி வரியாக அலசிக் காட்ட வேண்டும் என்று நின்றார். நீங்கள் க.நா.சு. ஆகும்வரை செல்லப்பா வழியில் போவது பாதுகாப்பு.

'பிடிக்கவில்லை' என்பதற்குச் சான்று வேண்டாம், அது உங்கள் உரிமை. 'நன்றாக இல்லை' என்பதற்கு வேண்டும். நாவலிலிருந்து ஒரே ஒரு பகுதி, பத்து வரிக்கு மிகாமல் எடுங்கள். எந்தச் சொல்லில் உங்களுக்கு நம்பிக்கை போனது என்று சுட்டுங்கள். 'வேலைக்காரப் பெண் பேசும் இந்தப் பத்தியில் ஆசிரியரின் சொற்கள் வருகின்றன' என்பது போல. புரியவில்லை என்று சொல்பவர் அந்தப் பத்துவரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் ஒத்துக்கொள்ளவும் தயாராக இருங்கள், அதுவும் நடக்கும்.

பிடித்த பக்கங்களைப் படமெடுத்துப் பகிர்கிறேன். தப்பா?
— ஒரு வாசகர், திருப்பூர்

ஒரு பத்தியை எடுத்து அதன்மேல் கருத்து எழுதினால் தப்பில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்தாள இடம் தருகிறது. இத்தனை சொல் என்று எண் எதையும் சட்டம் சொல்லவில்லை. உங்கள் கருத்து பெரிதாகவும் மேற்கோள் சிறிதாகவும் இருக்கட்டும். அத்தியாயம் முழுவதையும் படமெடுத்துப் போடுவது, பி.டி.எப். ஆக்கிக் குழுவில் தள்ளுவது இரண்டும் மீறல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை நீடிக்கும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. நாட்டுடைமையான நூல்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அதே நூலுக்கு ஒருவர் இன்று எழுதிய முன்னுரை, உரை, ஓவியம் ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு.

கிண்டிலில் பக்க எண் இல்லையே?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

எல்லா நூலிலும் வராது. விழுக்காட்டை மட்டும் சொன்னால் அச்சுப் புத்தகம் வைத்திருப்பவருக்குத் தேடுவது கஷ்டம். அத்தியாய எண்ணும், அந்தப் பத்தியின் முதல் மூன்று சொற்களும் சொல்லுங்கள். ஒலிப்புத்தகத்துக்கும் இதுவே.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் நிறையப் படிக்கிறாள். கதையைப் பற்றிக் கேட்டால் 'நல்லா இருக்கு' என்பதோடு சரி.
— ஒரு தாய், மதுரை

'இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்டுவிட்டீர்களோ? அதற்கு அந்தப் பதில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் கேட்பது போதும். பாதியில் நிறுத்தும்போது 'அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறே?' என்று கேளுங்கள். மறுநாள் 'நீ சொன்ன மாதிரி ஆச்சா?' என்று இன்னொன்று. ஒரு நாளைக்கு இவ்வளவுதான். மூன்றாவது கேள்வி கேட்டால் அது பரீட்சை.

நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவலில், முப்பதாம் பக்கத்து ஓரத்தில் 'கொலைகாரன் இவன்தான்' என்று யாரோ பேனாவால் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறார்!
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பென்சிலாக இருந்திருந்தால் மென்மையான ரப்பரால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் தேய்த்து எடுத்திருக்கலாம். பேனாவைச் சுரண்டினால் தாள் ஓட்டையாகும், வெள்ளை மை தடவினால் மறுபக்கத்துக்குத் தெரியும், பக்கங்கள் ஒட்டவும் கூடும். திருப்பிக் கொடுக்கும்போது நூலகரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எழுதியது நீங்கள் என்றாகிவிடும். மற்றபடி கடைசிவரை படியுங்கள். இப்படி எழுதுகிறவர்களில் பலர் முப்பதாம் பக்கத்தில் ஊகித்ததைத்தான் எழுதுகிறார்கள், முடித்துவிட்டு வந்து திருத்துவதில்லை.